வெள்ளைச் சட்டையும் நேசன் அண்ணையின் மனிசியும்

மொழிபெயர்ப்பு என்பது வாயை வாடகைக்கு விடுகிற தொழில். சொந்த அபிப்பிராயத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். வாக்குவாதம் இல்லாமல் சோறு இறங்காத எனக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்! பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். மிச்ச நேரத்தில், பாரிஸின் லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருந்து எங்கட ஆட்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்கிறேன். அலுவலகத்தில் ரோந்தேவு கிடைத்தால், அந்தச் சந்திப்புக்கு மொழிபெயர்க்கக் கூடவே போகிறேன். பிரெஞ்சு அலுவலக வரிசைகளில் கால் கடுத்த உங்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

நல்ல நாடு

நேசன் அண்ணை பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் தனியாக இருக்கிறவர், உணவகச் சமையல்காரர். யாழ்ப்பாணம் போய் மாலினியைக் கலியாணம் முடித்துத் திரும்பிய கையோடு பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது, கால் இழுபடுகிறது, வேலையும் போயிற்று. மனைவியைக் கூப்பிடுவதென்றால் சம்பளம் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு அவர் எங்கே போவார்?

ஆனால் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை பெறுகிறவரிடம் வருமானம் கேட்கக்கூடாது. அது கிடைத்தால் மாலினி வரலாம். கிடைக்காவிட்டால் குடித்தனம் வாட்ஸப்பில்தான். நான் மூச்சுவிடாமல் விளக்கி முடித்ததும் அண்ணை கேட்டார்: "அப்ப, ஏலாதவன் எண்டு நிரூபிச்சால்தான் மனிசியை விடுவாங்கள்? நல்ல நாடு, பிள்ளை!"

மரியாதை

உதவித்தொகைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அண்ணை மாப்பிள்ளை மாதிரி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான்கள். ஊன்றுகோலைக் காணவில்லை. டொக்டருக்கு முன்னால் தடியோடு போவது மரியாதையில்லையாம்.

குளிக்க முடிகிறதா, உடுக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று டொக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஓம், சமாளிப்பன். ஒரு பிரச்சினையும் இல்லை." நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்ய, தொழில் தர்மம்! வெளியே வந்து பொரிந்து தள்ளினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "முன்னைப் பின்னைத் தெரியாத மனுசனிட்டை மூக்கால அழுறதே, பிள்ளை?"

உதவித்தொகை மறுக்கப்பட்டது.

ஒத்திகை

மேன்முறையீடு செய்தோம். இந்தமுறை பின்னறையில் ஒத்திகை வைத்தேன். அண்ணையோடு மேல்வீட்டு ரவியும் வந்திருந்தான். நான்தான் டொக்டர். "காலையில் யார் உடுப்புப் போட்டுவிடுவது?"

"நான்தான்."

"பச்சைப் பொய்!" என்றான் ரவி. "அண்டைக்கு அந்த வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டினது ஆர்? நானெல்லோ!"

எனக்குத் தலை சுற்றியது. ரவி பூட்டிய பொத்தானைப் பார்த்துத்தான் டொக்டர் இவரைச் சுகதேகி என்று முடிவு கட்டியிருக்கிறார்! ஏன் மறைத்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மாலினிக்குத் தலைச்சுத்து எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். இஞ்சை ஒருக்கால் ஏலாது எண்டு சொன்னால், அவளுக்கும் சொல்ல வேணும்."

மூன்றாவது பொத்தான்

இரண்டாவது பரிசோதனைக்குச் சட்டை திறந்தபடி, உள்ளே பெனியனோடு, ஊன்றுகோல் பிடித்து வந்தார். ரவியை நான்தான் தடுத்து வைத்திருந்தேன். பொத்தானைப் பூட்டுங்கள் என்றார் டொக்டர். அண்ணை ஒற்றைக் கையால் தொடங்கினார். முதலாவது மாட்டியது. இரண்டாவது நழுவி நழுவிக் கடைசியில் மாட்டியது. மூன்றாவதில் முகம் வியர்த்துவிட்டது. எட்டிப் பூட்டிவிட என் கை பரபரத்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஏலாது, பிள்ளை. அவருக்குச் சொல்லும், ஏலாது எண்டு."

சொல்லாததை மொழிபெயர்த்தது

உதவித்தொகை கிடைத்தது. அடுத்தது மனைவியைக் கூப்பிடுகிற அலுவலகம். அங்கே ஒரு மதாம், "சம்பளம் இல்லையா? அப்படியானால் முடியாது" என்றா. என் அபிப்பிராயம் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. சட்டத்தைச் சொன்னேன். அவ மறுத்தா. மேலதிகாரியிடம் கேட்கச் சொன்னேன். போய்க் கேட்டு வந்து விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டா.

வெளியே அண்ணை கேட்டார்: "நான் வாயே திறக்கேல்லை. நீர் எதைப் பிள்ளை இவ்வளவு நேரமா மொழிபெயர்த்தனீர்?"

மாலினி

விசாவும் வந்தது. விமான நிலையத்தில் வைத்து அவவுக்கு அதிர்ச்சி கொடுக்கப் போகிறீர்களா என்று நான் பிடித்த சண்டையில், பின்னறையில் இருந்தே அண்ணை போன் எடுத்தார். தலைச்சுத்தில் தொடங்கி வெள்ளைச் சட்டை வரை எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில் மாலினியின் குரல்:

"வீடியோவில பேசேக்கை போனை ஒரு நாளாவது கை மாத்திப் பிடிச்சனீங்களே? எனக்கு எப்பவோ தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். எயார்போட்டுக்கு அந்த வெள்ளைச் சட்டையோட வாங்கோ. ரவியைப் பூட்ட விடாதேங்கோ."

இத்தனை வருடம் பிரெஞ்சில் சட்டம் படித்து நான் செய்த உருப்படியான காரியம், ஒரு மனுசரை 'ஏலாது' என்று தமிழில் சொல்ல வைத்ததுதான்.