பிற்சேர்க்கையில் இரண்டு கையெழுத்துகள்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். எங்கள் வகுப்பறையில் திரைக்கு நேர் மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நிமிடம் வரை நான் என் வாழ்நாளிலேயே சிறந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி முறைகள் பாடம் எடுக்கிறேன். அந்தப் பாடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை, யாராவது செய்து முடித்த ஆய்வொன்றைப் பிரித்துப்போட்டு, எது நிற்கிறது எது சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வருஷம் எடுத்துக்கொண்டது எங்கள் கல்லூரியிலேயே வேலை பார்க்கும் ஒருத்தியின் எம்.எஸ்சி. ஆய்வேடு. ஆஸ்துமா உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் உடற்பயிற்சி கொடுத்தால் மூச்சு மேம்படுமா என்பது அதன் கேள்வி. எழுதியவளே கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். என்னுடைய பழைய மாணவி. அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

எனக்கு அவள்மேல் பொறாமை. எனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்த வருஷம் என் மகளுக்கு மூன்று வயது. அந்த மழைக்காலம் முழுக்கக் கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குமாக அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள், அவள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்தபடியே கழிந்தது. பிறகு அந்த இடத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. பதினோரு வருஷம் கழித்து, அதே நோயை எடுத்துக்கொண்டு இவள் பட்டம் வாங்கிவிட்டாள். அது என் வீட்டு நோய், அதைப் பற்றிப் பேச எனக்குத்தான் உரிமை என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது போலிருக்கிறது.

போதாக்குறைக்கு, அவள் ஆய்வு செய்தது என் மகள் படிக்கும் பள்ளியில். தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் சேர்ந்த எல்லைப் பள்ளி. போன வருஷம் சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தபோது, என் பிள்ளை ஓட வேண்டாம் என்று நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்படியும் மகள் வாயில் எப்போதும் அவள் பேச்சுதான். கல்லூரியில் எல்லோரும் அவளை 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள். என் மகளுக்கு மட்டும் அவள் 'சேச்சி', அதாவது அக்கா. "சேச்சி முடிய இப்படியாக்கும் கெட்டுவாவ." "சேச்சிக்கு சாயாவில சீனி வேண்டாம்." எனக்குச் சாயாவில் சீனி வேண்டுமா என்று கேட்டால் என் மகளுக்குத் தெரியுமோ என்னவோ.

அதனால் அன்றைக்கு நன்றாகத் தயாராகிப் போயிருந்தேன்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளைகள் கொஞ்சம்தான், அவர்களும் பொறுக்கி எடுத்தவர்கள் அல்ல, கைக்குக் கிடைத்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி கொடுக்காத இன்னொரு குழு கிடையாது. முதல் அளவு எடுத்தது இடவப்பாதி என்னும் பருவமழையில், வகுப்புச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கும் நாட்களில். கடைசி அளவு எடுத்தது ஓணத்துக்கு முன்பு, வெயில் வந்த பிறகு. "மழை விட்டா மூச்சு தன்னால சரியாகும். இதுல எக்சர்சைஸ் எங்க வருது?" என்று கேட்டேன். வகுப்பில் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்தவளும் அவளே, மூச்சை ஊதச் சொல்லி அளந்தவளும் அவளே. "பிள்ளைகளுக்கு ஒருத்தரைப் பிடிச்சுப்போனா அவங்களுக்காகவே பலமா ஊதுவாங்க" என்றேன். அந்த இடத்தில் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. நடுவில் நின்றுபோன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி கூட இல்லை என்பதையும் சொன்னேன். நான் சொன்னது எல்லாம் சரிதான், இன்றைக்கும் அதில் எதையும் மாற்ற மாட்டேன். சொல்லும்போது நாக்கில் இருந்த ருசிதான் சரியில்லை.

கடைசி பெஞ்சில் அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"இனி பிற்சேர்க்கை" என்றேன். அதை நான் படித்திருக்கவில்லை. படிக்காமல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளை நிற்கவைக்கிறவள் நான். லேப்டாப்பின் முன்னால் இருந்த மாணவி பக்கத்தைத் தள்ளினாள். ஒரு பிள்ளை நிரப்பிய வினாத்தாளை மாதிரிக்காகப் போட்டிருந்தார்கள். தமிழ் வகுப்புக்கான வடிவம். பெயர் இருந்த இடம் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தது.

'ஓடி முடிந்த பின் வலிவு உண்டா?'

கீழே பேனாவில்: 'உண்டு. முன்னத்த விட நல்லா உண்டு.'

'உண்டு'வில் ண்ணுக்கு ஒரு சுழி குறைவாக இருந்தது. முற்றுப்புள்ளியைப் புள்ளியாக வைக்காமல் ஒரு பொடி வட்டமாகப் போட்டிருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த இரண்டுக்கும் நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது என் மகளின் கையெழுத்து.

எங்கள் பக்கம் வயதானவர்கள் ஆஸ்துமாவை வலிவு என்றுதான் சொல்வார்கள். மலையாளத்திலும் அதே சொல்தான். ஒருவனுக்கு வலிவு உண்டு என்றால் அவனுக்கு மூச்சு இழுக்கிறது என்று அர்த்தம். என் மகள் எனக்குத் தெரியாமல் ஓடியிருக்கிறாள். ஓடினால் முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்று தன் கையால் எழுதி இவளிடம் கொடுத்திருக்கிறாள், என்னிடம் அல்ல.

"இந்தப் பிள்ளைக்கு ஓடினா இழுக்குதுன்னு பிள்ளையே எழுதியிருக்கு. அதுக்குப் பிறகும் ஓட விட்டியா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். வகுப்பில் அவளிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்து நின்றாள். பதற்றத்தில் மலையாளம்தான் வந்தது. "மிஸ், ஆ குட்டி நல்லவண்ணம் ஓடியதாணு. பீக் ஃப்ளோ சார்ட்டும் உண்டு, கூடியிட்டேயுள்ளு." அந்தப் பிள்ளை நன்றாகத்தான் ஓடியது, ஊதி அளந்த அளவும் ஏறித்தான் இருக்கிறது என்கிறாள்.

"அளவு ஏறுது, பிள்ளை இழுக்குதுன்னு எழுதுது. ரெண்டுல எது பொய்?"

அப்போது விளவங்கோடு பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "மிஸ், ஒரு டவுட்டு. நான் தமிழ் மீடியமாக்கும். எங்க புக்குல வலிவுன்னா பலம். அந்தப் பிள்ள ஓடினப்பொறவு தெம்பு உண்டுன்னு எழுதியிருக்கலாம் இல்லியா?"

"அப்ப இல்லன்னு எழுதின பிள்ளைகளுக்கெல்லாம் தெம்பு இல்லியா, இழுப்பு இல்லியா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு வெடித்துச் சிரித்தது.

"இப்ப ஆரு மிஸ் வலிவுன்னு சொல்லுதா? சின்னப் பிள்ளைகளெல்லாம் வீசிங்குன்னாக்கும் சொல்லுதது" என்றாள் இன்னொருத்தி.

உண்மைதான். என் வீட்டிலும் வீசிங் என்றுதான் சொல்வோம். வலிவு என்ற சொல்லை என் மகள் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருப்பாள். ஆனால் அவள் எதை நினைத்து எழுதினாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மகளை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போதே, ஆய்வின் அடிமடியில் கை வைக்க இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒருத்தி சந்தோஷப்பட்டாள். அவளையும் நான் மறைக்கப் போவதில்லை.

"வினாத்தாளே தவறு" என்றேன். "மலையாளத்துச் சொல்லை அப்படியே தமிழில் வைத்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் பிடித்திருப்பார்கள்."

லேப்டாப் மாணவி அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். மொழிச் சான்றிதழ். 'தமிழ் வடிவத்தை முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன். பொருள் மாறுபாடு இல்லை.' அதன் கீழே ஒரு கையெழுத்து.

"மிஸ்..." என்றாள் அந்த மாணவி. "இது மிஸ்ஸுடெ ஒப்பு அல்லே?"

யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் ஆசிரியர் அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது இவள் சில தாள்களுடன் வந்தாள். "மிஸ்ஸுக்குத்தானே தமிழ் நல்லா அறியும், ஒண்ணு நோக்கித் தரணும்" என்றாள். நான் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. வேலை அதிகம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். காரணம் அதுவல்ல. அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, சாயா டம்ளரை அதன்மேல் வைத்துத் தள்ளிக் கொடுத்தேன்.

"மிஸ் எனிக்கு ஹெல்ப் செய்ததாணு. தெற்று என்றெயாணு" என்றாள் அவள், முழு வகுப்பும் கேட்கும்படி. தவறு தன்னுடையது என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளிடம் எம்.எஸ்சி. இருந்தது, என் மகள் இருந்தாள், இப்போது பெருந்தன்மையும் அவளிடமே இருந்தது.

வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவளுடைய ஸ்கூட்டர் அங்கே இல்லை. நான் பஸ் பிடித்தேன். வியாழக்கிழமைகளில் மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், நான் போய்ச் சேரும் முன்பே வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பாறசாலையில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனால், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் அன்று விடுமுறையில், முற்றத்தில் நின்று தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மகள் இல்லை.

"அவ எங்க?"

"கிரவுண்டுல. இன்னைக்கு வியாழன் இல்லியா?"

"ஸ்பெஷல் கிளாஸ் இல்லியா?"

அவர் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "அதாக்கும் ஸ்பெஷல் கிளாஸ்" என்றார். ஆய்வு முடிந்த பிறகும் மகளின் சேச்சி அந்தப் பயிற்சியை நிறுத்தவில்லை, வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளை ஓடவிடுகிறாள். போன வருஷம் நான் திருப்பிக் கொடுத்த படிவத்துக்குப் பதில் மகள் இன்னொன்று வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டியிருக்கிறாள்.

"நீங்க போட்டியளா?"

"பிள்ள கேட்டுது, ஒப்பு போட்டேன். ஒனக்கிட்ட சொன்னா நீ அவள ஓட விடுவியா? ஒரு வருஷமா ஓடுதா, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்திருக்கா? நீயே சொல்லு."

எடுத்ததில்லை. அந்த வருஷம் அவளுக்கு உடம்பு நன்றாக இருந்ததற்கு நான் மாற்றிய தலையணை உறைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மறைத்து வைத்துக்கொண்டே இழுக்கிற பிள்ளைகளை வார்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு வந்து உட்கார்வார்கள், உதடு நீலமாக இருக்கும்.

"அவ கையால எழுதியிருக்கா, வலிவு உண்டுன்னு" என்றேன்.

அவர் முகம் மாறியது. மெக்கானிக் என்றாலும் இந்த ஊர்க்காரர், அந்தச் சொல்லை அவரும் என்னைப் போலவே கேட்டு வளர்ந்தவர். செருப்பை மாட்டிக்கொண்டு, "கிரவுண்டு வரைக்கும் போயி நோக்கிட்டு வாறேன்" என்று கிளம்பினார். நான் மகளுடைய இன்ஹேலரைத் தேடினேன். அது மேசை மேலேயே இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு போகக்கூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

அவர் வளைவைத் தாண்டுவதற்குள் எதிரே ஸ்கூட்டர் வந்துவிட்டது. முன்னால் அவள், பின்னால் என் மகள். முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. மகள் இறங்கி நின்றதும் நான் வேறு எதுவும் கேட்காமல் அவளைத் திருப்பி, முதுகில் காதை வைத்தேன்.

"அய்யோ அம்மா, சேச்சி நிக்காவ, விடுங்க!"

விடவில்லை. இரண்டு பக்கமும் கேட்டேன். காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் சுத்தமாகக் கேட்டது. சீட்டி இல்லை. ஓடி வந்த நெஞ்சின் துடிப்பு மட்டும் இருந்தது.

"போன வருஷம் ஒரு தாள்ல எழுதினியே மக்கா, வலிவு உண்டுன்னு. எந்த வலிவு?"

மகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். வழியில் அவள் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"எந்த வலிவா? தெம்புதான். வலிவுன்னா வேற என்ன உண்டு?"

கேட்டுக்கொண்டிருந்தவள் ஸ்கூட்டர் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த என் கணவர் கேட்டின் அருகே நின்றுகொண்டார். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான் தெனமும் கேக்கேனே பிள்ளே, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு. எனக்கிட்ட ஒரு நாளும் வாய் தொறந்து சொல்லல. இவங்களுக்கு மட்டும் எழுதிக் குடுக்கத் தோணிச்சா?"

மகள் என் கையிலிருந்த இன்ஹேலரை வாங்கிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சேச்சி கேப்பாவ, நான் சொல்லுவேன், எழுதிட்டு அடுத்த பிள்ளைக்கிட்ட போயிருவாவ. நீங்க கேட்டா, நான் சொன்னப்பொறவும் என் நெஞ்சையே நோக்கிட்டு இருப்பிய."