நாலு சப்வூபர், ஒரே அம்ப்

சூசைரட்ணத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பொகவந்தலாவை கடைவீதியில் எல்லாருக்கும் தெரியும். வேனுக்கும் ஆட்டோவுக்கும் பாட்டு செட் பூட்டுகிறவர். தானாக வயரை நோண்டிவிட்டு வருகிறவனை அவன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து திட்டித் தீர்ப்பார். ஆனாலும் அவர் பூட்டிய செட் புகைந்ததாகப் பேச்சே கிடையாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

தேர்த் திருவிழாவுக்கு முந்திய வாரம் தேயிலைத் தோட்டக் கங்காணி கணேசமூர்த்தியின் மகன் திலக்ஷன் தன் வேனில் பூட்ட நாலு சப்வூபர் ஸ்பீக்கரோடும் அவற்றுக்குச் சத்தம் கூட்டும் ஒரு அம்ப்போடும் வந்து நின்றான். தேருக்குப் பின்னால் போகும்போது தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்துக்காரர்களின் வேன் சத்தம் வெளியே கேட்கவே கூடாதாம்.

"நாலையும் நேரா அம்புல குடுங்கண்ணே. அப்பத்தான் அதிரும்."

"அதிரும், பொறகு எரியும். ஒவ்வொன்னும் நாலு ஓம். நாலையும் பக்கம் பக்கமா குடுத்தா ஒரு ஓமுக்கு எறங்கிரும், அம்புக்குப் பாரம் கூடிரும். ஒன் அம்பு ரெண்டுக்குக் கீழ தாங்காது."

இரண்டிரண்டாக ஒன்றன்பின் ஒன்று தொடுத்து, அந்தச் சோடிகளைப் பக்கமாக இணைத்துக் கொடுத்தார். சத்தம் போதவில்லை என்று திலக்ஷன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

அன்றிரவே மனைவி ஜோசப்பின் சொன்னாள். "அவன் கேட்ட மாதிரியே குடுத்துத் தொலைச்சிருக்கலாம். அவங்கப்பாகிட்ட கொழுந்து நிறுக்கப் போறது நானுங்க."

அவள் பயந்தது சரிதான். மறுநாள் வேலைக்கு வராதவர்கள் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை நிரைகளையும் கங்காணி அவள் தலையிலேயே கட்டினார். முடிக்க முடியவில்லை. அரைப்பேர் போட்டார், அரைநாள் கூலிதான். ராத்திரி அவள் முதுகு நிமிராமல் சுவரைப் பிடித்து நடந்ததை சூசைரட்ணம் பார்த்தார். என்னோடு மல்லுக்கு நிற்க வக்கில்லாமல் கங்காணி இவள்மீது காட்டுகிறானே என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த நாள் மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே போனார். திலக்ஷன் தன் வேனோடு அங்கேதான் நின்றான். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள், ஜோசப்பினும்தான். சூசைரட்ணம் வேனின் பின்கதவைத் திறந்து வயர்களைப் பிரித்து, நாலையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தார்.

"நீ கேட்டது இதுதானே? எரிஞ்சா என்னையக் கேக்காத. போடு."

திலக்ஷன் சத்தத்தைக் கூட்டினான். மடுவத்துத் தகரம் நடுங்கியது. ஒரு பாட்டு முடியவில்லை, இருக்கைக்கு அடியில் இருந்த அம்ப்பிலிருந்து புகை கிளம்பியது.

கணேசமூர்த்தி தராசை விட்டு ஓடி வந்தார். "அறிவிருக்காய்யா ஒனக்கு? ஒத்த மிசினு மேல இத்தனையையும் ஏத்தினா எப்படித் தாங்கும்?"

சூசைரட்ணம் வாயைத் திறக்குமுன் வரிசையிலிருந்து ஜோசப்பின் கேட்டாள். "நேத்து என் மேல ஏத்துறப்ப அது தெரியலீங்களா கங்காணி?"

கணேசமூர்த்தி திரும்பிப் பார்க்காமல் தராசுக்குப் போனார். அன்றைக்கும் அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்.