ஆல்வினின் மெஷின் பேசாத இரண்டு நாட்கள்

மூக்கடைத்தவர் இங்கிலீஷ் பேசுவது போல ஒரு குரல்... ஆல்வினின் ஹெட்போனிலிருந்து நாள் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். கீழே பேக்கரியில் காரா பன் வேகும் வாசனையும் அந்தக் குரலும் சேர்ந்ததுதான் எனக்கு பெங்களூர் தொம்மலூர் ஆபீஸ். 2001ஆ, 2002ஆ, சரியாக நினைவில்லை.

ஆல்வினுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காக்ஸ் டவுன்காரன், என் வயசு. ஸ்கிரீனில் வருவதை அந்தக் குரல் வாசிக்கும், அவன் கேட்டுக்கொண்டே புரோகிராம் எழுதுவான். அவன் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியில் எங்கள் மேனேஜர் நாகராஜ் சார்தான், மூன்று மாதம் பார்க்கலாம் என்று எடுத்திருந்தார்.

நான் அங்கே சிஸ்டம் அட்மின். பேர்தான் பெத்த பேர்... மொத்தம் எட்டு மெஷின். எல்லாம் லினக்ஸ். எதைப் போடுவது, எதை எடுப்பது, எல்லாம் என் ராஜ்ஜியம்.

அப்போதெல்லாம் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு சாஃப்ட்வேர், போடுவது கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. ஒருவரைக் கூப்பிட்டால் அவர் மச்சான் வரவேண்டும், மச்சானுக்கு அவர் சித்தப்பா வரவேண்டும். ஒருவர் முறுக்கிக்கொண்டால் யாருமே வரமாட்டார்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு தரும் சிடியில் பாதிப் பேர் இருப்பார்கள். மீதிப் பேருக்கு போன் லைனில் வரும் டயல்-அப் நெட்டில் தவம் கிடக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எல்லா மெஷினையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஏதோ ஒரு சவுண்ட் லைப்ரரி, மெஷினில் சத்தம் வரவைக்கும் பேக்கேஜ், கண்ணில் பட்டது. ஆபீஸில் யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள்? எடு என்றேன். 'இது இன்னொரு பேக்கேஜுக்குத் தேவை' என்று மெஷின் ஒரு வரி சொன்னது. அதெல்லாம் நான் படிக்கிற ஆளா? எதையும் பார்க்காமல் தூக்கு என்பதற்கு ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டுத் தட்டினேன்.

எட்டு மெஷினிலும்.

திங்கள் காலை ஆல்வின் ஹெட்போனைக் கழற்றினான், தட்டினான், மறுபடி மாட்டினான்.

"மச்சா, மெஷின் பேச மாட்டேங்குது. வயர் போச்சா பாரேன்."

சனிக்கிழமை நான் தூக்கிய லைப்ரரிதான் அந்தக் குரலுக்கும் வேண்டியது என்று அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை அவனுக்கு ரிவ்யூ. எழுதிய புரோகிராமை முடித்து ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி கம்பெனி கம்பெனியாகப் படியேற வேண்டியதுதான்.

"வயர் இல்லடா... நான்தான்."

கத்துவான் என்று பார்த்தேன். "ரிவ்யூ புதன்டா" என்றான், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

நாகராஜ் சாரிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். "டேட் சேஞ்ச் ஆகல்ல. நீனே நோட்கோ" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். தேதி மாறாது, நீயே பார்த்துக்கொள்.

அதே லைப்ரரியைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆல்வின் எங்கிருந்தோ தேடிப் போட்டிருந்தது பழைய வெர்ஷன், என் சிடியில் இருந்தது புதுசு. புதுசோடு அந்தக் குரலுக்கு ஒத்துவரவில்லை. பழசை நெட்டிலிருந்து இறக்க ஆரம்பித்தேன். பாதியில் லைன் கட்டாகும். மறுபடி முதலிலிருந்து...

அதுவரை அவன் சும்மா உட்கார முடியுமா? பக்கத்தில் நாற்காலி போட்டு நானே அந்தக் குரலானேன்.

"கமா, செமிகோலன், எல்லாம் சொல்லுடா. அது சொல்லும்."

சொன்னேன். இரண்டு நாள். தொண்டை கட்டிக்கொண்டது, அவனே கீழே போய் பாதாம் பால் வாங்கி வந்து கொடுத்தான்.

செவ்வாய் மத்தியானம் சட்டென்று கையை நீட்டி நிறுத்தினான்.

"நடுவுல ஒரு லைன் விட்டுட்ட இல்ல?"

"அது சும்மா வார்னிங்டா..."

"அதையும் படி."

படித்தேன். அவன் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த தப்பு அந்த வரியில்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

புதன் காலை ஒன்பதரைக்கு எல்லா பேக்கேஜும் ஒருவழியாகச் சேர்ந்து உட்கார்ந்தன. ஆல்வின் ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். அதே மூக்கடைத்த குரல்... எனக்குக் கண் கலங்கிவிட்டது. லஞ்சுக்கு முன்னால் அவன் வேலை நிரந்தரமானது.

"நீ நல்லாதான் மச்சா படிச்ச" என்றான் அன்று. "ஆனா எது முக்கியம், எது முக்கியமில்லன்னு அதுக்குத் தெரியாது பாரு... அதனால எல்லாத்தையும் படிக்கும்."

இப்போது ஒரு வரி தட்டினால் மச்சான், சித்தப்பா எல்லோரும் தானாகவே வந்து இறங்குகிறார்கள். யாரையும் தேட வேண்டாம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆல்வின் வெளிநாட்டில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் பேசிக்கொள்வோம். ஆனால் எதையாவது நீக்கட்டுமா என்று மெஷின் பட்டியல் காட்டினால், இன்றைக்கும் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிப்பேன். "யார்கிட்டப்பா பேசுற?" என்று மகள் சிரிப்பாள்.

போன வாரம் அந்தப் பட்டியலில் ஒரு சவுண்ட் லைப்ரரி வந்தது. இனி யாருக்கும் தேவையில்லை, நீக்கட்டுமா என்று கேட்டது.

வேண்டாம் என்று தட்டினேன்.