கடலை ரூமுக்கு ஒரு டிவி

எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று நாள் கடலைக்குக் காவல் தேவைப்பட்டது. அந்தக் காவலுக்கு அம்மாதான் போவாள். வீட்டுக்குப் பின்னால் முப்பது தப்படி தள்ளி, முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தனிக் கட்டடம் ஒன்று இருந்தது. கடலை மூட்டை, உரச் சாக்கு, ஓடாத மோட்டார் எல்லாம் அதில்தான் கிடக்கும். கடலை ரூம் என்போம். பாய், தலையணை, ஒரு தட்டு, ஒரு செம்போடு அம்மா அங்கே போய்விடுவாள். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வீட்டுக்குள் வருவாள். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "கடலைக்கு எலி வருதுல்ல. அதான் அம்மா காவலுக்குப் போயிருக்கு" என்றார். எனக்கு ஒன்பது வயது. எலி ஏன் மாதத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறது, கடலை விற்றுத் தீர்ந்த மாதத்திலும் ஏன் வருகிறது என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

கறம்பக்குடிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் மற்ற வீடுகளில் இந்தக் கண்டிப்பு எப்போதோ தளர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் வீடு பெட்டி வீடு. குலசாமியின் பட்டு, சலங்கை, பிரம்பு எல்லாம் வைத்த மரப்பெட்டி எங்கள் நடு அறையில் இருந்தது. பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவான பெட்டி. சிவராத்திரி அன்று அதைத் தலையில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போகிற உரிமை அப்பாவுக்கு. மிச்ச நாளெல்லாம் அதற்குத் தீட்டுப் படாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு மட்டும் எப்படியோ அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்த மூன்று நாளும் அப்பா சமையல். அப்பாவுக்கு ரசம் வைக்கத் தெரியும். தெரியும் என்று அவர்தான் சொன்னார். அதை நான் தூக்கில் கொண்டுபோய் கடலை ரூம் வாசலில் வைத்துவிட்டு, அம்மா மேல் படாமல் திரும்ப வேண்டும். மறந்துபோய் அம்மா மடியில் விழுந்த நாட்களில் அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார். எலிக்குக் காவல் இருக்கிற அம்மாவைத் தொட்டால் எதற்குக் குளிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

வயலுக்குள் இருந்த வீடு என்பதால் எங்களுக்குக் கேபிள் கிடையாது. மொட்டை மாடியில் டிஷ் வைத்திருந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா செய்தி பார்ப்பார். மறுநாள் காலை டீக்கடையில் அதை ஊருக்கு எடுத்துச் சொல்வார். புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று தான் சொன்ன பிறகுதான் ஆட்கள் டீயை வாயில் வைக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அதே ஏழு மணிக்குத்தான் அம்மாவின் தொடரும். அதை அவள் மறுநாள் காலையில் திரும்பப் போடும்போது பார்த்துக்கொள்வாள். காவல் நாட்களில் அதுவும் கிடையாது. விட்டுப்போன கதையை நாலாம் நாள் யார் யாரிடமோ கேட்டு ஒட்டுப்போட்டுக்கொள்வாள்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி ஒன்று, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல், கடலை ரூமில் உரச் சாக்குக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அம்மா அதைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"ஏங்க, பிள்ளைக்கு இங்கிலீசே வரமாட்டேங்குது. அந்த டிவிய கடலை ரூம்ல வச்சு ஒரு பாக்ஸ் போட்டுக் குடுத்தா இங்கிலீசு கார்ட்டூன் பாத்தாச்சும் கத்துக்கிறும்ல."

அப்பாவுக்கு என் இங்கிலீஷ் மேல் கவலை இருந்தது. அதைவிட, செய்தி நேரத்தில் நான் கார்ட்டூன் கேட்டு அழுவது பெரிய கவலையாக இருந்தது. சரி என்றார். எனக்காகவே ஒரு டிவி வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கறம்பக்குடி கடைத்தெருவில் டிஷ் மெக்கானிக். அவர் புது பாக்ஸும் ஒயர் சுருளும் தோள்பையுமாக வந்தார். பையிலிருந்து முதலில் ஒரு சாமானை எடுத்தார். டிஷ்ஷுக்கு முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. எங்கள் மாடியில் இருந்த மூக்கில் ஒயர் மாட்ட ஒரு வாய்தான். இதில் இரண்டு இருந்தது, ஒரு ஓரத்தில் நீலப் பெயின்ட் சிந்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்த மாமா அந்தச் சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர். தப்பான சாமானைக் கொண்டுவந்துவிட்டு மாமா சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முருங்கை மரத்தைத் தாண்டி ஒயர் போனது. கடலை ரூமில் படம் வந்தது. அம்மா டிவிக்குச் சூடம் காட்டினாள். அப்பா சிரித்தார். அன்று அவருக்குச் சிரிப்பு இருந்தது.

அந்த மாதக் காவலின் முதல் நாள், ஏழு மணிக்கு, அப்பாவின் செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார். நோ சிக்னல் என்று வந்தது. அப்பா டிவியைத் தட்டினார், பாக்ஸைத் தட்டினார். நான் கடலை ரூமுக்கு ஓடினேன். அங்கே அம்மாவின் தொடர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அம்மா சானலை மாற்றினாள். வீட்டிலிருந்து "வந்துருச்சு" என்று அப்பாவின் குரல் கேட்டது. அம்மா தொடருக்குத் திரும்பினாள். "போச்சு" என்று கேட்டது.

இரண்டு நாள் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக் கண்டுபிடித்துவிட்டேன். டிஷ் இரண்டு வகைச் சானல்களைப் பிடிக்கும். ஒற்றை மூக்கு ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் கொடுக்கும். இரண்டு பாக்ஸும் ஆளுக்கொன்று கேட்டால், கூடுதல் வோல்ட் கொடுத்துக் கேட்கிற வகைதான் ஜெயிக்கும். இந்த விளக்கமெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: அம்மாவின் தொடரும் என் கார்ட்டூனும் ஜெயிக்கிற கட்சி, அப்பாவின் செய்தி தோற்கிற கட்சி. மற்ற நாட்களில் இருட்டிய பிறகு நான் அங்கே தனியாகப் போகமாட்டேன் என்பதால் ஏழு மணிச் செய்திக்கு ஆபத்தில்லை. மூச்சு வாங்க அதை அம்மாவிடம் சொன்னேன். "அப்புடியா" என்று அம்மா கண்ணை அகல விரித்தாள். பிறகு, "அப்பாட்ட சொல்லிறாதத்தா" என்றாள். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய பதவி ஒருத்திக்குக் கிடைக்க முடியாது.

அப்பா முதல் மாதம் முருங்கை மரத்தைச் சந்தேகப்பட்டார். கிளை மறைக்கிறது என்று மொட்டையடித்தார். இரண்டாவது மாதமும் அதே ஏழு மணிக்கு, அதே நோ சிக்னல். மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமா நிதானமாக ஐந்தாம் நாள் வந்து, "நல்லாத்தான ஓடுது மச்சான்" என்றார். பிறகு மேலே போய்ப் பார்த்துவிட்டு, ஒரு சாமான் மாற்ற வேண்டும், அது திருச்சியிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு உண்மையான அடி டீக்கடையில் விழுந்தது. செய்தி போன நேரத்தில் அவர் ஒவ்வொரு சானலாகத் தள்ளிப் பார்த்ததில், வந்தது அம்மாவின் தொடர்தான். வேறு வழியில்லாமல் அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் பால் வாங்க நின்றிருந்தேன். யாரோ, "என்னண்ணே, புயல் எங்கிட்டுப் போகுது?" என்று கேட்டார்கள். அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, "அது கெடக்கட்டும்ப்பா. பெரிய மருமக பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவுக்கு அன்று முகமே செத்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பதவியை விட மனமில்லை.

மூன்றாவது மாதம் அப்பா நாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டார். அம்மா கடலை ரூமுக்குப் போகிற அந்த மூன்று நாள்தான் சிக்னல் போகிறது. இதிலிருந்து ஒரு மெக்கானிக் வேறு முடிவுக்கு வந்திருப்பார். அப்பா பெட்டி தூக்குகிறவர், அவர் முடிவு வேறு மாதிரி. கடலை ரூம் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"இந்தா பாரு, ஒயரு வழியாத் தீட்டு வருது. சாமி பொறுக்காமத்தான் சிக்னல அமத்துது. நான் ஒயர அறுக்கப் போறேன்."

என் கார்ட்டூனும் பதவியும் சேர்ந்து போகப்போகின்றன. அம்மா சிரிக்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை.

"அறுங்க. கரண்டு ஒயரும் வீட்டுலருந்துதான இங்க வருது. அதையும் அறுக்கணும்ல? இத்தன வருசமா அது வழியா எவ்வளவு வந்துச்சோ."

அப்பா நிமிர்ந்து கரண்ட் ஒயரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"சாமிக்கு டிவியும் வேணாம், கரண்டும் வேணாம். ஒயரே இல்லாத எடத்துல சுத்தமாத் தனியா இருந்துட்டுப் போகட்டும். எனக்குத்தாங்க வெளிச்சம் வேணும்" என்றாள் அம்மா.

அப்பா அன்று ரசம்கூட வைக்கவில்லை. அம்மா சொன்னதைப் பெரியப்பாவிடம் சொல்லப் போய்விட்டார். சாமி காரியத்தை நாமாக முடிவு செய்யக் கூடாது, பூப்போட்டுக் கேட்போம் என்று பெரியப்பா சொன்னாராம். அடுத்த வெள்ளிக்கிழமை பங்காளிகள் வந்து நடு அறையில் உட்கார்ந்தார்கள். வெள்ளை அரளி ஒரு வாழையிலைப் பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில். பெரியப்பாவே மடித்து, குலுக்கி, பெட்டிக்கு முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சாமி வீட்டிலேயே இருக்கும், டிஷ் ஒயரை அறுத்துவிட வேண்டும். சிவப்பு வந்தால் கடலை ரூமைச் சுத்தம் செய்து, ஒயரையெல்லாம் கழற்றி, சாமியை அங்கே குடி வைக்க வேண்டும், டிவி வீட்டுக்குள் வந்துவிடும். பொட்டலத்தை எடுக்கச் சின்னப் பிள்ளை வேண்டும். நான்தான் இருந்தேன்.

சாமி, எனக்குக் கார்ட்டூன் வேணும் என்று வேண்டிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அம்மா அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள், உதடு விடாமல் அசைந்தது. டிவிக்காக என்னைவிட அதிகமாக வேண்டுகிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

எடுத்தேன். பெரியப்பா பிரித்தார். செவ்வரளி.

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. சாமி தனி வீடு கேட்டுவிட்டது, அதுவும் தன் மகள் கையால் கேட்டுவிட்டது என்று டீக்கடையில் சொன்னார். பெரிய மருமகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடலை ரூமின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, மூட்டைகளை அந்தப் பக்கம் தள்ளி, இந்தப் பக்கம் வெள்ளையடித்துக் கோலம் போட்டார்கள். ஒரு நல்ல நாளில் மேளத்தோடு பெட்டி போனது. முப்பது தப்படி தூரத்துக்கு மேளம் வைத்த ஊர்வலம் எங்கள் மாவட்டத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். அப்பா தலையில் பெட்டி, முகத்தில் சிவராத்திரிக்குக்கூட வராத பெருமை.

மறுநாள் மாமா வந்து இரண்டாவது டிவியை வீட்டின் உள் அறையில் வைத்தார். மாடியில் ஏறிப் பழைய மூக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். இரண்டு வாய். ஓரத்தில் நீலப் பெயின்ட்.

"மாமா, இது அன்னைக்கே ஒங்க பையில இருந்துச்சே" என்றேன்.

"அது வேறத்தா. இது திருச்சிலருந்து வந்தது" என்றார் மாமா. கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா முகத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீரும் இருந்தது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன்.

ஏழு மணிக்கு அப்பாவுக்குச் செய்தி வந்தது, உள் அறையில் தொடர் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். ஒரே பூவில் இத்தனையையும் வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்று பல நாள் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

அடுத்த மாதம் அம்மா பாயைத் தூக்கவே இல்லை. நான் உள் அறையில் அவள் மடியில் தலைவைத்துக் கார்ட்டூன் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். என் தலையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஏம்மா, இப்ப எலி வந்தா கடலைக்கு யாரு காவலு?"

அம்மா என் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"அதான் சாமி போயிருச்சுல்லத்தா. இனிமே அது இருக்கட்டும்."

சரிதான் என்று நான் கார்ட்டூனைப் பார்க்கத் தொடங்கினேன்.