பெட்ரோல் ரசம்

பழைய வண்டி ரிப்பேர் பண்ணுகிறவன் கையால் சோறு பிசைந்து கொடுத்தால் வீட்டில் குழந்தைகூட வாயைத் திறக்காது. எத்தனை சோப்பு போட்டாலும் பெட்ரோல் வாசனை போவதில்லை. கார்ப்பரேட்டர் ஒழுகுகிற வண்டி வைத்திருக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். புதூர்நாட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் என் பட்டறை. அங்கே ஒரே ஒரு வண்டியால் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

பலாப்பால் வைத்தியம்

காளியப்பன் மேலே ஒரு சின்ன ஊரில் சாமை விதைக்கிறவர். அவருடைய டூ ஸ்ட்ரோக் வண்டி எனக்கு முதல் நரை வருவதற்கு முன்னால் பிறந்தது. பொன்னம்மாவைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏற்றி வந்தது அதில்தான் என்பதால் விற்கவும் மாட்டார்.

ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். கார்ப்பரேட்டருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தைக் கழற்றப் போனால் கழலவில்லை. சுற்றிலும் பழுப்பாக என்னவோ அப்பியிருந்தது. ஒழுகுகிறதே என்று பலாக்காய்ப் பாலை வழித்துப் பூசியிருக்கிறார். அது பெட்ரோலில் கரைந்து உள்ளே இறங்கி, பெட்ரோலை அடைக்கிற ஊசியைத் திறந்த வாக்கிலேயே ஒட்டிவிட்டது. முன்பு சொட்டினது இப்போது ஓடியது. ஊசியைச் சுரண்டி எடுத்துக் காட்டினேன். அவருக்கு என்னவோ பெட்ரோல் மேல்தான் கோபம்.

"ஓட்ட வுழுந்த கொடத்தையே ஒட்டுமுங்க இது. பெட்ரோலுக்கு மட்டும் இன்னா தனி ரோசம்?"

கடையில் நல்ல பிள்ளை

புது ஊசி போட்டேன். பெட்ரோல் டேப்பில் வாசர் தேய்ந்து, மூடினாலும் மூடாத மாதிரிதான். அந்த வாசர் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் எல்லாப் பொறுப்பும் ஊசியின் தலையில். என் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, அடியில் பேப்பர் விரித்து, மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலையில் திரும்ப வந்து நிற்கிறார். வீட்டு வாசலில் நிறுத்தினால் ஒழுகுகிறதாம். மறுபடியும் பேப்பர் விரித்தோம். மறுபடியும் காய்ந்தே கிடந்தது. இப்படியே அவர் போவதும் வருவதுமாக இருந்ததில், டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கேட்காமலே டீ போட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் நான் பேப்பரைத் தூக்கி வெயிலில் காட்டினேன். அவர் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒங்க கடைல மருவாதியா நிக்குது. எங்க வூட்டாண்ட வந்தாத்தான் ஒண்ணுக்குப் போவுதுங்க."

தூக்கில் வந்த ரசம்

அடுத்த தடவை ஜீப்பிலிருந்து இறங்கினது பொன்னம்மா. வாசலில் புளி காயப்போட்டிருந்தாராம். வண்டியிலிருந்து வழிந்தது நேராக அதில் போய்ச் சேர்ந்திருக்கிறது. புளி வாங்க வந்த வியாபாரி மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மிச்சப் புளி இன்னும் மரத்தில் இருக்கிறது, அதை உலுக்கிக் காயப்போடுவதற்குள் வண்டி போயாக வேண்டும், சந்தை நாளில் வரச்சொல்லிப் பழைய இரும்புக்காரரிடம் சொல்லியாகிவிட்டது என்றார்.

அவ்வளவு வாசனை இருக்காதும்மா என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தம்மா கையிலிருந்த தூக்கைத் திறந்து, மூடியில் ரசத்தை ஊற்றி நீட்டினார். குடித்தேன். உப்பும் காரமும் சரியாகத்தான் இருந்தது. விழுங்கின பிறகு மூக்கு வழியாக ஒரு பெட்ரோல் பங்க்கே வெளியே வந்தது. நன்றாக இருக்கிறது என்றேன், கண்ணில் தண்ணீரோடு. அவர் தூக்கை மூடினார்.

"சரிங்கண்ணா. சாயங்காலம் வரைக்கும் பீடி மட்டும் பத்த வெக்காதீங்க."

சாமியைப் பார்த்த வண்டி

சந்தை நாளன்று ஜீப் பிடித்து நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரும்புக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். வண்டி நின்ற நிலையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. வாசல் ஒரே சரிவு. சைடு ஸ்டாண்டு பள்ளத்துப் பக்கம். வண்டி, படுக்கப் போகிற எருமை மாதிரி சாய்ந்திருந்தது. கிண்ணம் அவ்வளவு சாய்ந்தால் ஊசி எப்படி அடைக்கும்?

திருப்பி நிறுத்துங்கள் என்றேன். காளியப்பன் பதறிப்போனார். அந்த ஊரில் எருதைக் கோயில் பார்த்துத்தான் கட்டுவார்கள். பொங்கலுக்கு இந்த வண்டியின் ஹாண்டில்பாருக்கும் கொம்புக்கு அடிக்கிற பெயிண்டையே அடித்து, இதையும் எருதுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது. ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டோம். அவர் சாமி தலையில் பூ வைத்துக் கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது. ஆகாது என்று அர்த்தம். இரும்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

திருப்பவே வேண்டாம், ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வைத்தால் வண்டி நிமிர்ந்துவிடும் என்றேன். கல்லுக்கும் பூ கேட்க வேண்டுமா என்று கவுண்டர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வைத்துவிடலாம் என்று காளியப்பன் என் காதில் சொன்னார். தேடினோம். அந்த உயரத்துக்குத் தோதாக இருந்தது ஒரே கல், பொன்னம்மா புளி தட்டுகிற கல். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அந்தம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். கல்லைத் தானே உருட்டி வந்து ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினார். வண்டி நிமிர்ந்தது. சொட்டு நின்றது. இரும்புக்காரர் ஒரு முழுப் பலாவோடு ஜீப் ஏறினார்.

தட்டாத புளியைக் கையில் வைத்துக்கொண்டு பொன்னம்மா புருஷனைப் பார்த்தார்.

"வண்டிக்குக் கல்லு குட்த்தாச்சி. இனிமே புளிய ஒன் தல மேல வெச்சித் தட்டட்டுமா?"

அன்றிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வீட்டு வாசல் மேடா பள்ளமா என்று கேட்கிறேன், கையில் தூக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.