ஒட்டாத ஒன்பது சீட்டுகள்

என் அத்தானைப் போல ஒரு பிசினாரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பணத்தில் இல்லை, பேச்சில். கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் நூலகர். அங்கேயே நான் பைண்டராக இருந்தேன். அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. அத்தனை வருஷத்தில், "நூலை இழுத்துத் தச்சியா?" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியது குறைவு.

பேச வேண்டியதையெல்லாம் அட்டையில் எழுதினார். அது என்ன அட்டை என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை இருக்கும். ஆசிரியர், தலைப்பு, அலமாரி எண் எல்லாம் அதில். செல்லரித்த புத்தகத்தைக் கழித்தால் அதன் அட்டையையும் உருவிவிட வேண்டும். இல்லையென்றால் இல்லாத புத்தகத்தைத் தேடி ஆள் அலைவான். "கழித்த நூலின் அட்டை ஒரு நாள்கூட நூலகத்துக்குள் இருக்கக் கூடாது" என்று அத்தானே எழுதி, அங்கிருந்த பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். உருவிய அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் எழுதுவார். வெள்ளைத்தாள் வாங்கினால் குடியா முழுகிவிடும்? கேட்டால் சிரிப்பார்.

யார் வந்து என்ன கேட்டார்கள், எதில் தேடிக் கிடைத்தது என்பதுதான் அதில் இருக்கும். அவர் குளிக்கப் போகிற நேரத்தில் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறேன். "மண்புழுவுக்கு எத்தனை இதயம் என்று ஒரு பெண் கேட்டாள். கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது." "தகப்பனார் இறந்த செய்தி வந்த பழைய நாளிதழைக் கேட்டு ஒருவர் வந்தார். படிக்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டுப் போனார்." பாலம் கட்டுவது பற்றிய புத்தகத்தின் அட்டை ஒன்று. அதன் பின்னால் இருந்ததை இரண்டு தடவை படித்தேன். "மனைவிக்கு மூன்றாம் முறையும் கரு தங்கவில்லை. பதினொரு மணிக்குத்தான் நூலகம் திறந்தேன். தாமதத்துக்குக் காரணம் பதியவில்லை."

அக்காவிடம் அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. "கல்லுடா அந்த மனுஷன்" என்றுதான் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் ஓய்வு பெற்ற ஏழாம் வருஷம் புது நூலகரம்மா வீட்டுக்கு வந்தார். கல்லூரிக்கு ஐம்பதாம் ஆண்டு விழாவாம்.

"சார், டைரியோ கடிதமோ, நீங்க சொந்தமா எழுதினது எது இருந்தாலும் கொடுங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சு பாதுகாப்போம்."

அத்தானுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி வெட்கப்படவில்லை. அந்த அம்மா போன பிறகு அக்காவிடம் சொன்னார்: "நமக்குப் புள்ளையா குட்டியா? அந்த எழுத்தாவது அங்க இருக்கட்டும்."

ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினார். ஒன்பது பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதினார்: "நூலகரின் சொந்தத் தாள்கள். பின்பக்கம் படிக்கவும்." சீட்டுகளை என்னிடம் கொடுத்து, "நீ ஒட்டினாத்தான் உரியாது" என்றார். வாழ்நாளில் என் வேலையை அவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். எனக்கோ அன்று பசை காய்ச்சச் சோம்பல். நாளைக்கு நூலகத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று பெட்டிகளை மட்டும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அவரிடம் "எல்லாம் ஆச்சு அத்தான்" என்றேன். அப்புறம் முதுகுவலி, அது இது என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. சோம்பேறி நாய் நான், வேறென்ன சொல்ல.

நான் அவர்கள் வீட்டில் இருந்தபோதுதான் போன் வந்தது. அத்தானுக்குக் காது மந்தம் என்பதால் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், பழைய அட்டையெல்லாம் திருப்பி அனுப்பிட்டீங்க போல, ஒன்பது பெட்டி! பாத்தேன், அத்தனையும் கழிச்ச புத்தகத்தோடது. பீரோவுல நீங்க ஒட்டியிருக்கீங்களே, அதுபடியே அன்னிக்கே பேப்பர் மில்லுக்கு அரைக்க அனுப்பிட்டேன். ஒரு நாள்கூட உள்ள வைக்கல சார்." வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பெருமையாகச் சொன்னார். "உங்க தாளுங்களுக்குத்தான் காத்திருக்கோம். கண்ணாடிப் பெட்டி வந்தாச்சு. எப்ப தருவீங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்க நான் போனுக்குக் கை நீட்டினேன். என்ன யோக்கியதை எனக்கு! அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பின்பக்கம்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "சரியாத்தான் செஞ்சிருக்கீங்கம்மா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

"உங்க தாளுங்க, சார்?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. நான் எதுவும் எழுதி வைக்கல."

அன்றோடு பேனாவைத் தொடவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, காலி மேசைக்கு முன்னால் உட்கார்கிறார். மத்தியானம் எழுந்து சாப்பிடுகிறார். அந்தப் பாலம் கட்டும் புத்தகத்தின் அட்டையில் இருந்ததை நான் அக்காவிடம் சொன்னேன். "எனக்காவது காட்டியிருக்கக் கூடாதா?" என்று அவர் எதிரில் நின்று அழுதாள்.

ஒன்பது சீட்டும் என்னிடம்தான் இருக்கின்றன. தினமும் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். சீட்டை ஒட்டினாயா என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தால் காலில் விழுந்துவிடுவேன். முப்பத்தொரு வருஷம் ஊரார் கேள்விக்கெல்லாம் விடை தேடிக்கொடுத்த மனுஷன், அதை மட்டும் என்னிடம் கேட்க மாட்டேன் என்கிறார்.