ரத்த சொந்தம் மட்டும்

பிணவறைக் காவலர் பிணத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வருவதற்குள் வாரிவிட வேண்டும் என்பது அவராக வைத்துக்கொண்ட வழக்கம். முடித்ததும் அதே சீப்பால் தன் வழுக்கை ஓரத்து முடியையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பையில் செருகிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவரோடு டீ குடிக்கிற ஒரே ஆள், ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருக்கும் நான்தான். அந்த உரிமையில் எனக்கும் ஒருநாள் சீப்பை நீட்டியிருக்கிறார்.

சட்டப்பிரிவு சொல்வதுபோல் பேசுவதால் நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் 'செக்சன்'. எந்த விதியைக் கேட்டாலும் ஒரு காரணம் வைத்திருப்பார். நகையை ஏன் கழற்ற வேண்டும், இருட்டிய பிறகு ஏன் உடலைத் தருவதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு கதை.

"சும்மா எவனும் ரூல் போடமாட்டான் சார். எங்கயோ ஒருத்தன் அழுதிருப்பான், அதான் ரூலாயிருக்கு."

எனக்கும் அது நல்ல பேச்சாகத்தான் பட்டது, போன வாரம் வரை.

போன வாரம் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். பல வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் உடலைக் கேட்டு வந்தாள். கல்யாணம் என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்த செக்சன் கையை விரித்தார்.

"ரத்த சொந்தமோ கட்டின பொண்டாட்டியோதான் வாங்கலாம்மா. முன்ன ஒரு தடவை ஆள் மாத்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் நிஜ சொந்தக்காரங்க வந்து நிக்கிறாங்க. அதுக்குத்தான் இந்த ரூல்."

"ஆள் மாறக்கூடாது, அவ்வளவுதானே ஐயா? இடது முழங்கால்ல ஆணி குத்தின தழும்பு இருக்கும். மேல்பல்லு ஒண்ணு இல்ல, நான்தான் கூட்டிட்டுப் போய்ப் பிடுங்க வச்சேன். போய்ப் பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. ஆனா ரூல்ல தழும்பு இல்லையே."

கையிலிருந்த டீயை அவர் முகத்தில் ஊற்றலாம் போலிருந்தது எனக்கு. எதற்காக விதி போட்டார்களோ அதுதான் தீர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று சண்டை போட்டேன்.

"ஆளுக்கு ஒரு நியாயம் பார்த்தா இந்தப் பூட்டு எதுக்கு சார்?" என்று சாவியை இடுப்பில் செருகினார்.

கொத்தனாரின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தம்பி இவளோடு வாழப்போன நாளிலிருந்து அவன் முகத்தில் விழிக்காதவர். அவர் வந்து சேரும்வரை அவள் பிணவறைப் படியிலேயே கிடந்தாள். வந்தவர் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்.

செக்சன் துணியை விலக்கினார். அண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, முதல்முறையாக அவளிடம் பேசினார்.

"இவன்தானா?"

அவள் தலையாட்டினாள்.

செக்சன் பேனாவைத் திறந்து, கையெழுத்துக்கு அண்ணனிடம் நீட்டினார்.